பட்டறைக் கேள்வி பதில்: ஹார்டனிங்குக்கு வெளியே போகும் அலகு

துருப்பிடிக்காத எஃகில் கத்தி செய்பவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. கத்தியின் அலகை வெட்டி, தேய்த்து, துளை போட்ட பிறகு, அதைச் சூடேற்றிக் கடினமாக்கும் ஹார்டனிங் வேலையை வெளியே கொடுப்பதா, கொடுத்தால் எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி. எனவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நாங்கள் மூன்று தலைமுறையாக அருவாள், மண்வெட்டி செய்கிறவர்கள். வில்லுப் பட்டையை அடித்து, கரி உலையில் பழுக்கவைத்து, எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்தால் எந்த வேலையும் தோற்றதில்லை. இப்போது சமையல் கத்திக்கு 440சி என்னும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வாங்கியிருக்கிறோம். ஹார்டனிங்கை வெளியே கொடுக்க வேண்டும் என்கிறான் மகன். நம் உலையில் முடியாதா? – கொல்லுப் பட்டறை உரிமையாளர், பொள்ளாச்சி

உங்கள் கைத்திறனைக் குறைத்து மதிப்பிட்டு மகன் அப்படிச் சொல்லவில்லை என்று நம்புகிறேன், ஐயா. இந்த விஷயத்தில் அவர் சொல்வதே சரி.

வில்லுப் பட்டை போன்ற எஃகுக்கு ஏறக்குறைய 850 டிகிரி செல்சியஸ் சூடு போதும். அதை உங்கள் கண் நிறத்தைப் பார்த்தே பிடித்துவிடும். சந்தேகம் வந்தால் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம், ஏனெனில் 770 டிகிரி வாக்கில் எஃகு காந்தத்தை விட்டுவிடும், அதற்குச் சற்று மேலே போனால் தோய்ச்சலுக்குத் தயார் என்று பொருள். 440சி எஃகுக்கு வேண்டிய சூடோ 1010 முதல் 1065 டிகிரி வரை. காந்தம் விட்ட பிறகும் இன்னும் 240 டிகிரிக்கு மேல் ஏற வேண்டியிருப்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. ஆரஞ்சும் மஞ்சளும் கலக்கும் அந்த நிறத்தில் 1020 எது, 1080 எது என்று பிரித்துச் சொல்ல, பகல் வெளிச்சத்தில், எந்தக் கண்ணாலும் முடியாது. அந்த 60 டிகிரி வித்தியாசம்தான் நல்ல கத்தியையும் வீணான கத்தியையும் பிரிக்கிறது.

சூட்டை எட்டிப் பிடிப்பதோடும் வேலை முடிவதில்லை. 440சி எஃகில் 0.95 முதல் 1.20 விழுக்காடு வரை கரியும் (கார்பன்), 16 முதல் 18 விழுக்காடு வரை குரோமியமும் இருக்கின்றன. பட்டையாக உங்கள் கைக்கு வரும்போது இவற்றில் பெரும்பகுதி ஒன்றோடொன்று பிணைந்து, குரோமியம் கார்பைடு என்னும் சிறு மணிகளாக எஃகுக்குள் கிடக்கும். அந்த மணிகளில் போதிய அளவு கரைந்து எஃகோடு கலந்தால்தான் கடினத்துக்கு வேண்டிய கரியும், துருவைத் தடுக்க வேண்டிய குரோமியமும் கிடைக்கும். பாலில் கற்கண்டு கரைவதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும் அல்லவா, அதுபோல அலகு அந்தச் சூட்டிலேயே, தடிமனைப் பொறுத்துச் சில நிமிடங்கள் முதல் கால் மணி, அரை மணி வரை, ஏற்ற இறக்கமில்லாமல் ஊற வேண்டும். குறைவாக ஊறினால் அலகு மென்மையாகவே நிற்கும். சூடோ நேரமோ மிகுந்தால் எஃகின் படிக அமைப்பு பருத்து அலகு எளிதில் உடையும், குளிர்ந்த பிறகும் மாறாமல் தங்கிவிடும் மென்மையான கட்டமைப்பு ஒன்றும் உள்ளே மிகுதியாகிவிடும். அதைப் பற்றி நாமக்கல் வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். இத்தனை நேரமும் காற்றுப் பட்டுக்கொண்டிருந்தால் மேற்பரப்பு செதில் விட்டு, கரியையும் இழந்துவிடும். கரி உலையில் இவை எல்லாவற்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்த வழியில்லை.

இது உங்களுக்கு மட்டும் நேரும் சிக்கல் அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913 ஆகஸ்டில் ஹாரி பிரேர்லி 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரியும் கொண்ட எஃகை உருக்கியபோது, உலகிலேயே கத்திக்குப் பேர்போன அந்த ஊரின் கைவினைஞர்கள் முதலில் அதைப் பயனற்றது என்று ஒதுக்கினார்கள். பழகிய கரி எஃகின் முறையிலேயே அவர்கள் அதையும் கையாண்டார்கள், கடினம் ஏறவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரேர்லியை ஊரே கேலி செய்தது. மோஸ்லி என்ற கத்தி நிறுவனத்தின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் பொறுமையாக முயன்று சரியான சூட்டைக் கண்டுகொண்ட பிறகுதான் அந்த எஃகு சாப்பாட்டு மேசைக்கு வந்தது. எஃகு அதேதான், உலைச் சூடு மட்டுமே மாறியது.

எனவே அருவாளுக்கு உங்கள் உலையே இருக்கட்டும். 440சி அலகுகளை, கோவை, ஓசூர், அம்பத்தூர் போன்ற இடங்களில் அச்சுகளுக்கும் டைகளுக்கும் ஜாப் ஒர்க்காக ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் கூடங்களில், வேக்குவம் ஃபர்னஸ் வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். காற்றை வெளியேற்றிய அறைக்குள் சூடேற்றுவதால் அலகில் செதிலும் விடாது, கரியும் போகாது.

பாத்திரக் கடைக்குப் போகும் எவர்சில்வர் தகட்டில் கத்தி வெட்டிக் கொடுத்தேன். "இது ஹார்டு ஆகாது" என்று திருப்பிவிட்டார்கள். வேலைக்குச் சோம்பிச் சொல்கிறார்களா? – வாசகர், சிவகாசி

இல்லை. உண்மையைச் சொல்லி உங்கள் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். பாத்திரத் தகடு பெரும்பாலும் 304 அல்லது 202 வகையாக இருக்கும். 304 எஃகில் 18 விழுக்காடு குரோமியத்தோடு 8 விழுக்காடு நிக்கலும் இருக்கிறது, கரி மிகக் குறைவு. இந்த வகைகளைச் சூடேற்றிக் குளிர்வித்தால் கடினம் ஏறாது. காந்தம் ஒட்டினால் கத்திக்கு ஆகும் என்று சிலர் சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். 430 வகைத் தகட்டில் காந்தம் நன்றாக ஒட்டும், ஆனால் 0.12 விழுக்காட்டுக்கு மேல் கரி இல்லாததால் அதிலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. 420 வகையில் கரி மிகுந்தது, 440சி, 14சி28என், ஏஇபி-எல், என்690 போன்ற பெயர்களைக் கேட்டு, ஆலைச் சோதனைச் சான்றிதழின் நகலோடு வாங்குங்கள். சான்றிதழ் தர மறுக்கும் கடையில் பட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அலகுகளைக் கொடுக்கும்போது சலானில் என்ன எழுத வேண்டும்? "எஸ்எஸ் கத்தி, ஹார்டனிங்" என்று எழுதினேன். கடினம் 57 என்று அறிக்கை வந்தது. ஆனால் எலுமிச்சை நறுக்கி வைத்த இரவிலேயே கத்தியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டன. – சிறுதொழில் முனைவோர், ஓசூர்

நீங்கள் எழுதிய மூன்று சொற்களில்தான் கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு கண்முன் தெரிந்தது.

ஜாப் ஒர்க் கூடங்களுக்கு அன்றாடம் வருபவை டைகள், துளையிடும் பஞ்ச் கருவிகள், அச்சுகள், ஹைஸ்பீடு எஃகுக் கருவிகள். டெம்பரிங் என்பது, கடினமாக்கிய எஃகின் நொறுங்கும் தன்மையைக் குறைக்க அதை மறுபடி குறைந்த சூட்டில் வைப்பது. டைகளுக்கான எச்13 எஃகை 550 டிகிரிக்கும் மேலே டெம்பர் செய்வார்கள், ஹைஸ்பீடு எஃகும் 550 வாக்கில்தான் போகும், டி2 எஃகையும் பலர் 500 டிகிரிக்கு மேலேயே வைப்பார்கள். இவை அந்த எஃகுகளுக்கு முற்றிலும் சரியான சூடுகள். "எஸ்எஸ் கத்தி" என்று மட்டும் எழுதிய சலானோடு உங்கள் ஆறு அலகுகள் போய்ச் சேர்ந்தால், அன்றைய தட்டில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும் டைகளோடு அவையும் சேர்ந்து 500 டிகிரி டெம்பரிங்குக்குப் போய்விட வாய்ப்பு மிகுதி.

துருப்பிடிக்காத அலகுக்கு அந்தச் சூடு ஆகாது. ஏறக்குறைய 425 முதல் 565 டிகிரி வரையான வரம்பில் டெம்பர் செய்தால், எஃகில் கரைந்திருந்த குரோமியம் மறுபடியும் கரியோடு சேர்ந்து நுண்ணிய கார்பைடாக வெளியேறிவிடும். அதனைச் சுற்றியிருக்கும் எஃகில் குரோமியம் குறைந்து, அந்த இடங்களில் துருப்பிடிக்கும், அலகின் உறுதியும் குறையும். எச்ஆர்சி என்று குறிக்கப்படும் ராக்வெல் கடின அளவு மட்டும் அதிகம் மாறாது. 180 டிகிரியில் டெம்பர் செய்த 440சி அலகு 58, 59 காட்டினால், 480 டிகிரியில் செய்ததும் அதிலிருந்து இரண்டு மூன்று புள்ளிகளுக்குள்ளேயே நின்றுவிடும். அறிக்கையைப் பார்த்த நீங்களும் கூடத்துக்காரரும் திருப்தியடைந்திருப்பீர்கள், எலுமிச்சைதான் உண்மையைக் காட்டியிருக்கிறது. இதில் கூடத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கேட்காததை அவர்கள் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை சலானோடு இணைக்கும் தாளில் இப்படி எழுதலாம்:

"எஃகு 440சி, ஆலைச் சான்றிதழ் நகல் இணைக்கப்பட்டுள்ளது. சமையல் கத்தி அலகுகள் 6, தடிமன் 2.5 மி.மீ. வேக்குவம் ஹார்டனிங், 1040 டிகிரி. தடித்த டைகளுடன் சேர்த்து ஏற்ற வேண்டாம். பிடிக்குள் மறையும் வால் பகுதியின் துளையில் கம்பி கோத்துச் செங்குத்தாகத் தொங்கவிடவும். நைட்ரஜன் அழுத்தத்தில் விரைந்து குளிர்விக்கவும். கை சூட்டுக்கு வந்தவுடன் தாமதமின்றிச் சப்-ஜீரோ (பூஜ்யத்துக்கும் கீழான குளிர்விப்பு). டெம்பரிங் 180 டிகிரி, இரண்டு மணி நேரம், இரண்டு முறை. எக்காரணம் கொண்டும் 250 டிகிரியைத் தாண்டக் கூடாது. எதிர்பார்க்கும் கடினம் 58–60 எச்ஆர்சி. கடினச் சோதனை வால் பகுதியில் மட்டும்."

டைகளோடு சேர்க்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நூறு மி.மீ. தடிமனுள்ள டையின் நடுப்பகுதிக்குச் சூடு ஏறும்வரை உங்கள் 2.5 மி.மீ. அலகும் காத்திருந்து தேவைக்கு மேல் ஊறிப்போகும். பிறகு குளிர்விக்கும்போதும் அந்த டை வெளியிடும் சூட்டில் அலகு மெல்லத்தான் ஆறும். 1000 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குக் கீழே ஓரிரு நிமிடங்களுக்குள் இறங்காவிட்டால், கரைத்து வைத்த குரோமியம் வழியிலேயே கார்பைடாகத் திரும்பி வந்துவிடும். கிடையாக அடுக்காமல் தொங்கவிடச் சொல்வது, பழுத்த நிலையில் எஃகு தன் எடைக்கே தொய்ந்துவிடும் என்பதால்.

சூட்டையும் எழுதி, கடினத்தையும் எழுதினால், இரண்டும் ஒத்து வராதபோது எதைப் பின்பற்றுவது என்று கூடத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டெம்பரிங்கின் மேல் எல்லையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், கடினம் ஒரு புள்ளி குறைந்தால் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். 440சி அல்லாத எஃகாக இருந்தால் இந்த எண்களை அப்படியே எழுதிவிடக் கூடாது. எடுத்துக்காட்டாக 14சி28என் எஃகுக்கு 1050 முதல் 1080 டிகிரி வரை வேண்டும், ஜெர்மன் சமையல் கத்திகளில் புழங்கும் 1.4116 எஃகில் கரி அரை விழுக்காடுதான் என்பதால் அது 54 முதல் 56 எச்ஆர்சி வரை வந்தாலே போதும். எஃகு ஆலை வெளியிடும் தரவுத் தாளை அச்சடித்துச் சலானோடு வைத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. கூடத்தில் பணிபுரிபவர் உங்கள் சொல்லைவிட அந்தத் தாளை நம்புவார், நம்பவும் வேண்டும்.

எந்த அளவுக்கு வேலை முடித்து அனுப்ப வேண்டும்? கூர் வைத்தே அனுப்பலாமா? – வாசகர், திருச்சி

கூர் வைத்து அனுப்பவே கூடாது. மெல்லிய விளிம்பு முதலில் சூடாகி முதலில் ஆறும், அலை அலையாக நெளியும், சில சமயம் வெடிப்பும் விடும். சரிவுகளைத் தேய்த்துவிட்டு, விளிம்பில் 0.5 முதல் 0.7 மி.மீ. வரை தடிமன் விட்டு வையுங்கள். பட்டையே 2 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் சரிவையே தேய்க்காமல், வெளிவடிவம் மட்டும் வெட்டித் தட்டையாக அனுப்பிவிட்டு, ஹார்டனிங் முடிந்து வந்த பிறகு தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதே என் விருப்பம். பெல்ட் சற்றுக் கூடுதலாகத் தேயும், நேரமும் கூடும், ஆனால் அலகு நேராக இருக்கும்.

துளைகள் எல்லாவற்றையும் முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு சாதாரண ட்ரில் உள்ளே இறங்காது. ஹார்டனிங்கில் எஃகு மிகச் சிறிதளவு பருக்கும் என்பதால் பிடியின் ஆணித் துளையை ஆணியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள். மடக்குக் கத்தியின் அச்சுத் துளை போன்ற நுட்பமான துளைகளைக் கடைசியில் சரிசெய்துகொள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாலும் அலகும் சேரும் மூலையைக் கூர்மையான வெட்டாக விடாமல், வட்ட அரத்தால் வளைவாக்கிவிடுங்கள், பெரும்பாலான விரிசல்கள் அந்த மூலையில்தான் தொடங்குகின்றன. ஆழமான குறுக்குக் கீறல்களும் அப்படித்தான். 120 அல்லது 220 எண் பெல்ட்டால் நீளவாக்கில் தேய்த்து, பிசிறு எடுத்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து அனுப்ப வேண்டும்.

அடையாளத்துக்கு மார்க்கர் பேனாவோ ஸ்டிக்கரோ வேண்டாம். எல்லாம் எரிந்து போகும், அதன் புகை வேக்குவம் அறையையும் அசுத்தமாக்கும். பிடிக்குள் மறையும் வால் பகுதியில் எண் குத்தி அனுப்புங்கள். அதே பட்டையிலிருந்து வெட்டிய விரல் நீளத் துண்டு ஒன்றையும் அலகுகளோடு சேர்த்துக் கட்டி அனுப்பினால் நல்லது. திரும்பி வந்ததும் அதைத் துணியில் சுற்றி வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மங்கலாக, நுண்மையாக இருந்தால் நல்லது. பளபளக்கும் பருமனான படிகங்கள் தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

என் மைத்துனர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர். அவரிடம் திரவ நைட்ரஜன் குடுவை இருக்கிறது. கூடத்தில் சப்-ஜீரோவுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அலகுகளை வாங்கி வந்து வீட்டிலேயே அதில் முக்கிவிட்டால் என்ன? – வாசகர், நாமக்கல்

யோசனையில் தவறில்லை. உறைவிந்தைக் காக்கும் அந்தக் குடுவையில் இருப்பதும் தொழிற்கூடத்தில் இருப்பதும் ஒரே நைட்ரஜன்தான், வெப்பநிலையும் அதே மைனஸ் 196 டிகிரிதான். நேரம்தான் ஒத்து வராது.

1040 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது எஃகின் பெரும்பகுதி மார்ட்டென்சைட் என்னும் கடினமான கட்டமைப்பாக மாறிவிடும். கரியும் குரோமியமும் மிகுந்த எஃகில் அந்த மாற்றம் அறை வெப்பநிலையிலும் முழுமையடையாது. மீதமிருப்பது ஆஸ்டெனைட் என்னும் மென்மையான பழைய கட்டமைப்பு. இன்னும் குளிர்வித்தால் அதிலும் பெரும்பகுதி மாறும். உலர்பனியின் மைனஸ் 78 டிகிரியே பெருமளவு பயன் தரும், நைட்ரஜன் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தரும். இதனால் ஒன்று அல்லது இரண்டு எச்ஆர்சி புள்ளிகள் கூடலாம், விளிம்பு மடங்குவதும் குறையும்.

இந்தக் குளிர்விப்பு ஹார்டனிங் முடிந்த உடனே, டெம்பரிங்குக்கு முன்னால் நடக்க வேண்டும். சில மணி நேரம் அறை வெப்பநிலையில் கிடந்தாலோ, டெம்பரிங் முடிந்துவிட்டாலோ, மீந்த ஆஸ்டெனைட் நிலைபெற்றுவிடும், பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் எளிதில் அசையாது. கூடத்திலிருந்து நீங்கள் பேருந்து பிடித்து நாமக்கல் வந்து சேரும்போது அதற்கான வேளை கடந்திருக்கும். டெம்பர் செய்யாமலேயே வாங்கி வரலாம் என்று நினைத்தால், அந்த நிலையில் அலகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையோடு இருக்கும், வழியில் கீழே விழுந்தாலே போதும். சமையல் கத்திக்கு அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது. கட்டணத்தைக் குறைத்தே ஆக வேண்டுமானால், 440சி எஃகைவிடக் கரி குறைந்த 420 போன்ற எஃகுக்குச் சப்-ஜீரோ இல்லாமலே சமாளித்துவிடலாம்.

மைத்துனரின் குடுவையை வேறு எதற்காவது பயன்படுத்துவதாக இருந்தாலும் கதவு, சன்னல் அடைத்த அறையில் திறக்க வேண்டாம். ஆவியாகும் நைட்ரஜன் அறையிலுள்ள ஆக்சிஜனை விலக்கி, மூச்சுத் திணறுவது தெரியும் முன்பே ஆளை மயக்கிவிடும்.

ஐந்து அலகுகளில் இரண்டு வளைந்து வந்திருக்கின்றன. கூடத்தில் கேட்டால் "எங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். – வாசகி, மதுரை

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஐந்தும் ஒரே தட்டில் ஏறி, மூன்று நேராக வந்திருந்தால், காரணம் பெரும்பாலும் அந்த இரண்டு அலகுகளுக்குள்ளேயே இருந்திருக்கும். ஒரு பக்கச் சரிவை மறுபக்கத்தைவிட அதிகமாகத் தேய்த்திருக்கலாம், வளைந்திருந்த பட்டையைச் சுத்தியலால் தட்டி நேராக்கியிருக்கலாம். அப்படித் தட்டியபோது உள்ளே தங்கிய இறுக்கம் சூட்டில் வெளிப்படும். தட்டி நேராக்கிய பட்டைகளை ஹார்டனிங்குக்கு முன் 650 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிடும் இறுக்கத் தளர்வு வேலையையும் கேட்டு வாங்கலாம். ஐந்துமே ஒரே திசையில் வளைந்திருந்தால் அடுக்கிய முறை தவறு என்று நீங்கள் வாதாடலாம்.

வந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வைஸில் வைத்து வளைத்தால் ஒன்று அப்படியே திரும்பி வரும், இல்லையேல் உடையும். ஒரு தடித்த இரும்புப் பட்டையில் அலகைப் படுக்கவைத்து, வளைவின் நடுவே ஒரு நாணயம் அளவுத் தகட்டை அடைகொடுத்து, எதிர்ப்பக்கமாகச் சற்றே கூடுதலாக வளையும்படி இறுக்கிக் கட்டி, முன்பு செய்த அதே டெம்பரிங் சூட்டில் மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தால் சிறு வளைவுகள் பெரும்பாலும் சரியாகும். 180 டிகிரியைச் சரியாகக் காட்டும் வெப்பமானி இருந்தால் அடுமனை அடுப்பே இதற்குப் போதும். அதற்கும் அசையாவிட்டால், குழிவான பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, கார்பைடு முனை பொருத்திய சுத்தியலால் முதுகை ஒட்டிச் சிறு சிறு அடிகள் கொடுப்பார்கள். ஒவ்வொரு அடியும் அந்தப் பக்கத்து உலோகத்தை இம்மியளவு நீட்டும், அலகு நிமிரும். புள்ளிகளைப் பிறகு தேய்த்து எடுத்துவிடலாம். இதைப் பழக்கமுள்ளவர் கையில் கொடுப்பது நல்லது.

கொஞ்சம் அலகுகளுக்கு யாரும் வேலை எடுப்பதில்லையே? – வாசகர், சேலம்

கிலோ கணக்கில் கட்டணம் வாங்கும் தொழில் இது. ஒரு கத்தி நூறு இருநூறு கிராம்தான் இருக்கும், அதனால் மினிமம் சார்ஜ் என்று ஒரு தொகை கேட்பார்கள். அதே எஃகில் வேலை செய்யும் நண்பர்களோடு சேர்ந்து ஒரே தொகுதியாகக் கொடுங்கள். வேறு வேறு எஃகுகளை ஒரே மூட்டையில் கலந்து கொடுத்து மிச்சம் பிடிக்க மட்டும் முயல வேண்டாம்.

மீன் வெட்டும் கத்திக்காக 440சி அலகுகள் செய்தேன். டெம்பரிங் 180 டிகிரிதான் என்று அறிக்கையில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் துருப்புள்ளி வருகிறது, கூரும் விரைவில் போகிறது. – வாசகர், தூத்துக்குடி

இரண்டு குறைகளும் சேர்ந்து வருவதால், ஹார்டனிங்குக்குப் பிந்தைய உங்கள் தேய்ப்பு வேலையைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

பெல்ட் கிரைண்டரில் விளிம்பைத் தேய்க்கும்போது மஞ்சள் நிறம் ஓடுகிறதா என்று பார்த்திருப்பீர்கள், ஓடவில்லை என்றால் சூடாகவில்லை என்று எண்ணியிருப்பீர்கள். கரி எஃகில் 220, 230 டிகிரியிலேயே மஞ்சள் தோன்றிவிடும், துருப்பிடிக்காத எஃகிலோ ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டால்தான் தோன்றத் தொடங்கும். 180 டிகிரியில் டெம்பர் செய்த அலகு, நிறம் காட்டும் முன்பே விளிம்பில் கடினத்தை இழந்துவிடும். வாலில் எடுத்த 59 எச்ஆர்சி அறிக்கை விளிம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்தச் சோதனையில் வைரக் கூம்பு 150 கிலோ விசையோடு அழுத்தப்படுவதால் அதை விளிம்பில் செய்யவும் இயலாது. எனவே புதிய பெல்ட், குறைந்த வேகம், வெறுங்கையால் அலகைப் பிடித்தபடி தேய்ப்பது, ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் முக்குவது என்று மாற்றிக்கொள்ளுங்கள். கைக்குச் சூடு தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே செய்த கத்திகளில், விளிம்பை ஓரிரு மி.மீ. தண்ணீர்க் கல்லில் தேய்த்து இறக்கிப் பாருங்கள். அடியில் நல்ல எஃகு இருந்தால் கூர் நிற்கும்.

துருவுக்கு வருவோம். அருவாளும் மண்வெட்டியும் தேய்த்த அதே பெல்ட்டில் இந்த அலகையும் தேய்த்திருந்தால், சாதாரண இரும்பின் துகள்கள் மேற்பரப்பில் பதிந்து, உப்புத் தண்ணீர் பட்டதும் அவைதான் முதலில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக்கென்று தனிப் பெல்ட் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் வேக்குவம் இல்லாமல் உப்புத் தொட்டியில் சூடேற்றியிருந்தால், துளைகளிலும் மூலைகளிலும் தங்கிய உப்பும் இதே வேலையைச் செய்யும், வந்தவுடன் வெந்நீரில் நன்றாகக் கழுவித் துலக்க வேண்டும். கருத்த செதில் எங்கேனும் மீந்திருந்தாலும் விடக் கூடாது, ஏனெனில் அதன் அடியிலுள்ள மெல்லிய தோலில் குரோமியம் குறைவாக இருக்கும். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக முடிகிறதோ அவ்வளவுக்குத் துரு தள்ளி நிற்கும். 400 எண் வரை தேய்த்து முடித்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் பதிந்த இரும்புத் துகள்கள் நீங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். 440சி எஃகின் குரோமியத்தில் ஒரு பங்கு எப்போதும் கார்பைடுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், அதனால் கடல் மீனும் உப்பும் நாள் முழுவதும் படும் வேலைக்கு அது முதல் தேர்வு அல்ல. அடுத்த தொகுதிக்கு 14சி28என் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். 0.62 விழுக்காடு கரியும் 14 விழுக்காடு குரோமியமும் சிறிதளவு நைட்ரஜனும் சேர்ந்த அந்த எஃகு 440சி எஃகைவிட உப்பை நன்றாகத் தாங்கும். ஹார்டனிங்குக்குக் கொடுக்கும்போது சலானில் சூட்டை மாற்றி எழுத மறந்துவிடாதீர்கள்.